என் கதையில் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை

1

அக்கா தொலைபேசியை எடுக்காமல் விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வன்னியில் மாரி தொடங்கியிருந்தது. இரணைமடுக் குளம் நிரம்பி வான்பாய்கிறது என்று செய்தியில் பார்த்திருந்தேன். மின்சாரம் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. அதற்கடுத்த ஞாயிறு நான் வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குக் கீழே இரண்டு நீலக்கோடு விழுந்தது. பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

டென்மார்க்கில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். காலையில் அறை அறையாகப் போய் ஆட்களை எழுப்பி, முகம் துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் இருத்த வேண்டும். கையும் காலும் தாமாகச் செய்யும் வேலை. ஆனால் அந்த வாரம் ஒரு முதியவருக்குச் சப்பாத்தைக் கால் மாற்றிப் போட்டுவிட்டேன். அவர் நாலு அடி நடந்து பார்த்துவிட்டு, நீ இன்றைக்கு இங்கே இல்லை, வேறெங்கோ நிற்கிறாய் என்றார். நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. அக்காவாக இருக்கும் என்று அவருடைய காலைக் கையில் வைத்துக்கொண்டே எடுத்துப் பார்த்தேன். பல் வைத்தியரின் நினைவூட்டல்.

கடைசியில் எழுதியது அக்காவின் மகள் தர்சினி. கிளிநொச்சியில் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: “சின்னம்மா, அம்மா உங்கட வீடியோவைப் பாத்திட்டா.”

2

அந்த வீடியோ எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

டென்மார்க்கில் நான் இருக்கும் ஊரின் நூலகத்தில் கதை சொல்லும் வகுப்பு ஒன்று நடக்கிறது. மேடையில் நின்று, தாளைப் பார்க்காமல், சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு கதையைச் சொல்லப் பழக்குவார்கள். பிறகு அதையே எழுதவும் பழக்குவார்கள். என்னைச் சேர்த்துவிட்டவள் என் மகள் மெலனி. அவள் தலைநகரில் இருக்கிறாள். தமிழ் விளங்கும், ஆனால் டெனிஷில்தான் பதில் வரும். நான் தொலைபேசியில் கதைப்பதற்குத் தலையும் இல்லை வாலும் இல்லை, ஒன்றைத் தொடங்கினால் வேறொன்றில் போய் நிற்கிறேன், எங்காவது போய்ப் பழகிக்கொள்ளச் சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் நிசமாகவே எடுத்துக்கொண்டேன்.

வகுப்பை நடத்துபவர் கிர்ஸ்டன். வானொலியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு கதையை இரண்டு தரம் ஒரே மாதிரிச் சொல்லாதே என்று முதல் நாளே சொன்னார். கேட்பவர்களின் முகத்தைப் பார், அவர்களுக்கு ஏற்ற மாதிரி கதையை மாறவிடு என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. இந்த நாட்டில் என் கதையை முதன்முதல் கேட்டவர்கள் அகதி விண்ணப்ப அலுவலகத்துக்காரர்கள். அங்கே முதல் நாள் சொன்னதைக் கடைசி நாளும் அப்படியே சொல்ல வேண்டும். சொன்ன தேதி ஒரு மாதம் முன்பின்னாகப் போனாலும் அதிகாரியின் பேனா நின்றுவிடும். அந்த அறையில் கதை பழகியவள் நான். அதை மாறவிடு என்றால் எப்படி விடுவது?

முதலில் ஒரு சிரிப்புக் கதை சொன்னேன். எங்கள் சித்தப்பா நந்திக்கடலில் தோணியில் ஒரு மாட்டை ஏற்றிக்கொண்டு போன கதை. நடுவில் மாடு எழும்பி நிற்க, தோணி ஒரு பக்கம் சரிய, சித்தப்பா மாட்டின் காதுக்குள் செபம் சொல்லத் தொடங்கிவிட்டார். எங்கள் ஊரில் இதைப் பாதி சொல்வதற்குள் சிரித்துப் புரண்டுவிடுவார்கள். இங்கே எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு முகம் வாடி இருந்தார்கள். முடிந்ததும் ஒருவர் மெதுவாக, மாட்டைச் சுட்டுவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மாடு கரையில் இறங்கி ஆருடையதோ பூசணிக்கொடியைத் தின்றது என்றேன். அவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இலங்கையிலிருந்து வந்தவள் சொன்னால் யாராவது சாக வேண்டும்.

அதன் பிறகுதான் அக்காவின் கதையை எடுத்தேன்.

3

மேடையில் நான் சொன்னது இதுதான்.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கடற்கரை. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். அப்பா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கரைவலைக் காலத்தில் வலை இழுக்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அப்படி ஒரு வருடம் வந்தவர் முருகேசு. அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து, இரணைமடுவுக்குக் கீழே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். சைவக்காரர். எங்கள் ரஜனி அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஊர் சும்மா இருக்குமா? தோட்டத்திலிருந்து வந்தவர்களை இழிவாகச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் எங்கள் வாசல்வரை வந்தது.

ஒரு நாள் விடியற்காலை அக்கா வீட்டை விட்டுப் போனாள். நான் சின்னப் பெண், அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அப்பா கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்கள் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு வீட்டில் அக்காவின் பெயரை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. அம்மா வாசலில் நின்று அழுவாள். பிறகு நான் வெளிநாட்டுக்கு வந்துவிட்டேன். சண்டை கடற்கரையைக் காலியாக்கியது. நோயில் கிடந்த அப்பாவைச் சனம் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தது அக்காவின் வீட்டில். அங்கேதான் அவர் கண்ணை மூடினார்.

“திரும்பிப் பார்க்காத மனிதர் கடைசியில் போய்ச் சேர்ந்த வீடு அவளுடையது” என்று டெனிஷில் முடித்தேன். நூலகத்தில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கிர்ஸ்டன் என்னைக் கட்டிப்பிடித்தார். மெலனி வந்திருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. இப்படி ஒரு கதை எங்கள் வீட்டில் இருக்கிறது என்று எனக்கு ஏன் சொல்லவில்லை என்று டெனிஷில் கேட்டாள்.

“நீ கேக்கேல்லையே” என்றேன்.

எதைக் கேட்க வேண்டுமென்று தெரிந்தால்தானே கேட்கலாம் என்றாள். ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். நூலகத்தார் பதிவை இணையத்தில் போட்டார்கள். கனடாவில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் கீழே தமிழ் வரிகள் சேர்த்துச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பினார். முல்லைத்தீவிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் அக்காவைத் தொலைபேசியில் எடுத்து, பாவம் பிள்ளை, கொப்பர் உன்னை அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று துக்கம் விசாரித்திருக்கிறார்கள். இறந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு புது வழக்கு.

4

விடுமுறை எடுத்துக்கொண்டு வன்னிக்குப் போனேன். என் கணவர் ஏன் இந்த அந்தரம், கொஞ்சம் பொறுத்துப் பார் என்றார். என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

கிளிநொச்சி ரயில் நிலையத்துக்கு முருகேசு அத்தான் மோட்டார்சைக்கிளில் வந்திருந்தார். அக்கா வாசலில் நின்று என்னைக் கட்டிப்பிடித்தாள். நல்லாய் மெலிந்துபோனாய் என்றாள். மெலனியைப் பற்றிக் கேட்டாள், குளிரைப் பற்றிக் கேட்டாள், அங்கே நல்ல மீன் கிடைக்குமா என்று கேட்டாள். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குசினிக்குள் அவள் பின்னால் போய் நின்றால் வெங்காயத்தையும் கத்தியையும் என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். கதையை எடுப்பேன், அவள் ஆட்டுக்குக் குழை வெட்ட எழும்பிவிடுவாள். இப்படியே நாட்கள் போயின. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மலை வெங்காயம் உரித்திருப்போம்.

அத்தான்தான் பேச்சை எடுத்தார். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவரோடு நானும் வரம்பில் போனேன். அவர் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் தட்டிவிட்டபடி கேட்டார்:

“தோட்டத்து ஆளுங்கள சொல்ற அந்த வார்த்தைய அவங்க பாஷையில சொன்னியாம்மா, நம்ம பாஷையிலயா?”

தமிழில்தான் சொன்னேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அவர்களுடைய மொழியில் அதற்கு ஒரு சொல் இல்லை என்றேன்.

அவர் வாய்க்காலில் ஒரு மண்கட்டியை வெட்டிப் போட்டார். “அப்ப அவங்ககிட்ட இல்லாத ஒண்ண நாம குடுத்திருக்கோம்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் சுட்டது. வகுப்பில் நான் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகும்போது கிர்ஸ்டன் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்ததும், அதன் ஓசை நன்றாக இருக்கிறது என்றதும் நினைவுக்கு வந்தன. அதை அத்தானிடம் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

தான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றார். அவருக்கு அந்தச் சொல் புதிதல்ல, நாளைக்குத் தர்சினியின் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வதென்று மட்டும் யோசித்தாராம். பிறகு சொன்னார்: “ஒங்க அக்காவுக்கு அது இல்லம்மா. அவளுக்கு அப்பா விசயம். அத அவதான் சொல்லணும்.”

5

தர்சினி சனிக்கிழமைகளில் ஊர் வாசிகசாலையில் பெண்களைக் கூட்டி எழுத வைக்கிறாள். சொந்தக் கதைகளை முதலில் வாயால் சொல்லி, பிறகு எழுதுவார்கள். சின்னம்மா அதற்கென்று படித்தவர், ஒரு நாள் வந்து சொல்லிக் கொடுங்கோ என்று கேட்டாள். வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெங்காயம் உரித்துக் களைத்திருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் வட்டமாக இருந்தார்கள். அக்கா வடையும் தேத்தண்ணிப் போத்தலும் கொண்டு வந்து பின்னால் இருந்துகொண்டாள். நான் கிர்ஸ்டனின் பாடத்தைத் தமிழில் சொன்னேன். நடுவிலிருந்து தொடங்குங்கோ, ஒரு படத்தைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவாங்கோ, விளக்கம் சொல்லாதேங்கோ என்றேன்.

முதலில் எழும்பியவர் கமலா அக்கா. ஐம்பது வயது இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். முழுப் பெயர், பிறந்த ஊர், கிராம சேவகர் பிரிவு, எந்த வருடம் எங்கிருந்து எங்கே இடம்பெயர்ந்தார், எங்கே கணவரை இழந்தார், எங்கே மகனைக் கடைசியாகக் கண்டார் என்று வரிசையாகச் சொன்னார். ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு ஒரு மூச்சு நின்றார். முதலில் எனக்கு அது ஏனென்று புரியவில்லை. பிறகு அவர் என்னைப் பார்த்து, “எழுதிறியளோ?” என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. பேனா தன்னை எட்டிப் பிடிக்கட்டும் என்றுதான் அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கிறார். எத்தனை அலுவலகம், எத்தனை விசாரணை, எத்தனை வெளிநாட்டுக்காரர். கேட்டவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நடுவிலிருந்து தொடங்குங்கோ என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து அக்கா சொன்னாள்: “நான் ஒண்டு சொல்லுறன்.”

எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். தான் வீட்டை விட்டுப் போன நாளின் கதை. அது விடியற்காலை இல்லையாம், நல்ல வெயில் ஏறிய பிறகாம். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அக்கா சாமான் வாங்கும் பைக்குள் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு, கடைக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டிருக்கிறாள். புதுக்குடியிருப்புச் சந்தியில் அத்தான் காத்து நின்றார். கிளிநொச்சி பஸ் வரவில்லை. நேரம் போகப் போக இரண்டு பேருக்கும் பசி. அத்தான் இரண்டு பேருக்கும் என்று வாங்கிய வாழைப்பழத்தை யோசனையில் தானே தின்று முடித்துவிட்டார். அதுதான் முதல் சண்டை. இந்த இடத்தில் பெண்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பழத்தோலை அவரிடம் வீசிவிட்டு நிமிர்ந்தால், வீதியில் அப்பா சைக்கிளில் வருகிறார். கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரம் மிதித்து வந்திருக்கிறார். அக்கா ஓடிப்போய்த் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அத்தான் பயத்தில் அசையாமல் நின்றார்.

அப்பா சைக்கிளைச் சாத்திவிட்டு முகத்தைத் துடைத்தாராம். “தம்பி, உமக்கு நீந்தத் தெரியுமோ?”

தெரியாதுங்க என்றிருக்கிறார் அத்தான்.

“வீடு குளத்துக்குக் கிட்ட எண்டு கேள்விப்பட்டன். இவள் நல்லா நீந்துவாள். தண்ணியில இறங்கினா இவளைப் பிடிச்சுக்கொள்ளும்.”

அவ்வளவுதான் கேட்டார், அவ்வளவுதான் சொன்னார் என்றாள் அக்கா. கடைக்குப் பின்னால் நின்ற தனக்கு அங்கேதான் அழுகை வந்தது என்றாள். பிறகு மூன்று பேரும் தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். பஸ் வந்தது. அப்பா சைக்கிளில் ஏறி, மிதிக்கிறதும் திரும்பிப் பார்க்கிறதுமாகப் போக, எதிரே வந்த லொறிக்காரன் ஏசினானாம், வீதியைப் பார் பெரியவர் என்று. வீட்டில் அக்காவின் பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியது அப்பா இல்லை, அம்மா. அப்பா அம்மாவுக்குப் பயம். ஆனால் கருவாடு விற்கக் கிளிநொச்சிக்கு வந்த ஒவ்வொரு தரமும் அக்கா வீட்டில் சோறு தின்றுவிட்டுத்தான் போவாராம்.

பெண்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“அந்த மனிசனை நீ கல்லாக்கிப் போட்டாய்.”

வேறு ஒன்றும் தோன்றாமல், நான் பை தூக்கிக்கொண்டு வந்தனான் அல்லோ என்று கேட்டேன்.

“நீ அண்டைக்குப் பள்ளிக்கூடம் போயிட்டாய். நீ அங்க நிக்கவே இல்லை.”

பையின் பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது. எந்த நாள் பையோ, யாருடைய பையோ எனக்குத் தெரியாது. கரையில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அப்பாவை நான் எப்போதோ கண்டிருக்கிறேன், அது பொய்யில்லை. கண்ட இரண்டையும் ஒட்டிவிட்டேன். ஒட்டியதே எனக்குத் தெரியவில்லை. அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன். அக்கா ஓம் என்றாள். வடைத் தட்டை எடுத்து நீட்டினாள்.

6

இப்ப உங்கட கதையைச் சொல்லுங்கோ என்றார் கமலா அக்கா.

நான் எழுந்து நின்றேன். என்னிடம் பழகி வைத்த கதைகள் இருந்தன. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தது நான் எங்கும் சொல்லாத ஒன்று.

டென்மார்க்கில் அகதி விசாரணை. நான், ஒரு அதிகாரி, ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். அவர் நாற்பது வயதுக்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சு. முதலில் நான் சொல்லச் சொல்ல டெனிஷில் சொல்லிக்கொண்டு வந்தார். ஊரைவிட்டு வெளிக்கிட்டது, வழியில் பட்டது, கூட வந்தவர்களில் பாதியில் நின்றுபோனவர்கள் என்று நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். அன்றுவரை யாருமே கேட்காததை அன்று கேட்டார்கள். எல்லாவற்றையும் கொட்டினேன். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்க்கவில்லை, மொழிபெயர்ப்பதையும் விட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அதிகாரியிடம் மூன்றே மூன்று சொல் சொன்னார். “ஹுன் ஏ த்ரெட்.” அதிகாரி பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனார்.

என் வாழ்க்கை முழுவதையும் மூன்று சொல்லில் முடித்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த மனிதனைச் சபித்தேன். அந்தச் சத்தத்தை மறக்காமல் வாய்க்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு என்ன செய்தான் என்று என்றைக்காவது தெரிய வேண்டும். டெனிஷ் படிக்க மற்றவர்கள் அலுத்துக்கொண்டு போவார்கள், நான் வெறியோடு போனேன். ஒரு நாள் வகுப்பில் ஆசிரியை படங்களைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஓடுகிற ஆண், அழுகிற குழந்தை. பிறகு கதிரையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். ஆசிரியை சொன்னாள்: “ஹுன் ஏ த்ரெட்.”

அவள் களைத்துவிட்டாள். அவர் சொன்னது அவ்வளவுதான். அதிகாரி எழுந்து போனது எனக்குத் தண்ணீர் எடுத்து வர. தண்ணீர் வந்ததும், கொஞ்சம் இருந்துவிட்டு மிச்சத்தைச் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

முடித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. கமலா அக்கா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை” என்றார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்தார். தர்சினி இன்றைக்கு இவ்வளவும் காணும் என்று எழும்பினாள். ஆனால் கமலா அக்கா அவளை இருக்கச் சொன்னார். இன்னொரு கதை இருக்கிறது, அதை இதுவரை ஆரும் கேட்டதில்லை என்றார். அது அவருடைய சின்ன வயதுக் கதை. அதில் யாரும் சாகவில்லை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வாய்க்கால் கரையால் வீட்டுக்கு நடந்தோம். அக்கா வெறும் போத்தலைக் கையில் ஆட்டிக்கொண்டு முன்னால் போனாள். திடீரென்று நின்று கேட்டாள்.

“அந்த மனிசன்ரை பேர் என்ன?”

“ஆரின்ரை?”

“மொழிபெயர்த்தவர்.”

தெரியாது என்றேன்.

“கேட்டிருக்கலாம்” என்றாள்.

7

திரும்பி வந்ததும் பதிவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். கிர்ஸ்டனுக்கு வருத்தம். இவ்வளவு நல்ல கதையை ஏன் என்றார். அது என்னுடையது இல்லை என்றேன். இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். வாழைப்பழத்தை விட்டுவிடாதே என்றாள். மெலனி அப்பப்பா எப்படிப் பேசுவார், குரல் எப்படி என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள். அப்பப்பா இல்லை, அம்மப்பா என்று திருத்துகிறேன். டெனிஷிலும் இரண்டுக்கும் இரண்டு சொல்தான் என்கிறாள், அடுத்த தரமும் அப்பப்பா என்றே கேட்கிறாள்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளருக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் அத்தனை பேர் இல்லை. கலியாண வீட்டிலும் கோயிலிலும் வயதான ஆண்கள் கதைக்கும் இடத்தில் நான் தேவையில்லாமல் போய் நிற்கிறேன். முகம் நினைவில்லை. மேசையைப் பார்த்தபடி இருந்தவரின் உச்சிதான் நினைவிருக்கிறது, மற்றது குரல்.

இந்தக் கோடையில் மாதாவின் திருநாளுக்குத் தமிழர்கள் கூடும் இடத்துக்குப் போனோம். பூசை முடிந்து சாப்பாட்டு வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் யாரிடமோ, கொஞ்சம் தள்ளி நில்லும் தம்பி என்றார். அதே குரல் போலிருந்தது. அவருடைய தோளைத் தொட்டேன்.

“ஐயா, நீங்கள் முந்தி அகதி அலுவலகத்தில மொழிபெயர்த்தனீங்களோ?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மெல்லிய மனிதர், கையில் கடதாசித் தட்டு.

“இல்லைப் பிள்ளை. நான் மீன் தொழிற்சாலையில நிண்டனான். ஏன், என்ன விசயம்?”

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் வரிசையை விட்டு ஒரு அடி விலகி, தட்டை நெஞ்சோடு சாத்திக்கொண்டு, காதை என் பக்கம் சாய்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எங்களைக் கடந்து சோற்றுக்குப் போனார்கள். நான் சொல்லத் தொடங்கினேன்.